அசையாதே அத்தான் இல்லாத படங்கள்

என் அக்காவின் கணவருக்கு நான் வைத்த பெயர் 'அசையாதே அத்தான்'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவேன். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார், பதிலுக்கு என்னை 'வாலு' என்பார். தொழில் லிஃப்ட் ரிப்பேர். ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவை இடித்துக்கொண்டிருக்கும்போது, மேலேயிருந்து அவர்களுக்கு முதலில் கேட்பது "அசையாதீங்க" என்கிற குரல்தான். வீட்டுக்கு வந்து கேமராவைக் கண்ணில் வைத்தாலும் அதே வசனம். மனிதருக்கு இரண்டு வேலை, ஒரே வார்த்தை.

லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரு நூல் ஏறி இறங்கி இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சட்டைப் பையில் எப்போதும் மட்டம் பார்க்கிற ஒரு குட்டி ரசமட்டம் இருக்கும். அதே பைத்தியம்தான் படம் எடுப்பதிலும். எல்லோரையும் வரிசையாக நிற்க வைப்பார். ஒருத்தியின் தாடையைத் தூக்குவார், இன்னொருத்தியின் தோளைத் திருப்புவார், பின்னால் போவார், ஸ்டூலில் ஏறுவார், இறங்கித் தரையில் குப்புறப் படுப்பார். அக்காவின் இரண்டு பெண்களில் பெரியவளின் ஐந்தாவது பிறந்தநாள் படத்தில் கேக் மேல் மெழுகுவத்தியே இருக்காது. அது உருகித் தீர்ந்த பிறகுதான் அத்தானுக்கு வெளிச்சம் சரிப்பட்டது.

கேமராவை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார். கேட்டால், உனக்குக் கை நடுங்கும், அவளுக்குக் கண் பத்தாது, இவளுக்குப் பொறுமை கிடையாது என்று ஆளுக்கொரு வியாதி சொல்வார். டைமர் வைத்து எடுக்கலாமே என்றால், டைமரில் எடுத்தால் முகத்தில் உயிர் இருக்காதாம். அக்காவோடு அவருக்கு நடந்தது பதிவுத் திருமணம். வந்திருந்த போட்டோக்காரரின் கோணம் பிடிக்கவில்லை என்று கேமராவை வாங்கித் தானே எடுத்தார். அக்கா தனியாகக் கையெழுத்துப் போடுகிறாள், தனியாகச் சிரிக்கிறாள், தனியாக மாலையோடு நிற்கிறாள். பார்த்தால் அவள் தன்னையே கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படமாவது பிரமாதமாக இருக்க வேண்டுமே? எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பார்கள். அக்காவுக்கு இடது பக்கம் வெறும் சுவர், இல்லாவிட்டால் வெறும் புல்தரை, இல்லாவிட்டால் யாரோ நிறுத்தி வைத்த சைக்கிள். ரசமட்டம் வைத்துப் பார்க்கிற ஆளுக்கு இது ஏன் கோணலாகத் தெரியவில்லை என்று நானும் பல தடவை கேலி செய்திருக்கிறேன். சுவருக்கு வெள்ளையடித்தவன் பார்த்தால் சந்தோஷப்படுவான் என்பேன். அத்தான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

அக்கா நர்ஸ். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும், அதட்டியவள் என்று சொன்னால் சரியாக இருக்கும். அவர்கள் குடியிருந்த கட்டடத்திலேயே மேல் மாடியில் எனக்கு ஓர் அறை. காலையில் அக்கா வீட்டில் டீயைக் குடித்துவிட்டுத்தான் நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்புவேன். அப்படிப்பட்ட அக்காவுக்கு வெளிநாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய் அங்கேயே தங்கிவிடலாம் என்று கடிதம். எனக்கு ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். பொய்.

அன்றிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் தொங்கியது. மொத்தம் நாற்பத்தியொரு வேலை. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழை மொழிபெயர்க்க வேண்டும். தடுப்பூசி அட்டைகளைத் தேட வேண்டும். எல்லோர் பல்லையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும், அங்கே பல் வைத்தியம் யானை விலையாம். தையல் மிஷினை யாருக்காவது கொடுக்க வேண்டும். பதினேழாவது வரியில், 'அவர் கார்டில் விலாசம் மாற்ற வேண்டும்' என்று எழுதி அக்கா மூன்று கோடு போட்டிருந்தாள். அத்தானின் அடையாள அட்டையில் இன்னும் அவருடைய அம்மா வீட்டு விலாசம்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக, மாத்தணும் மாத்தணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரில் எந்த மூலையில் லிஃப்ட் நின்றாலும் ஓடுகிறவர், தன் விலாசம் நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுவாள், அப்புறம் பெட்டி இல்லாமல் ஏறுவாள், கழித்துப் பார்ப்பாள். அவள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து இஸ்திரிப் பெட்டியைத் துண்டில் சுற்றி உள்ளே செருகிவிடுவேன். மறுநாள் எடை கூடியிருக்கும். பிரித்து அடுக்க இன்னொரு நாள் ஆகும். மூன்று தடவை இப்படி நடந்த பிறகு, இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குக் கால் முளைத்திருக்கிறது என்று அக்கா பொதுவாகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. அக்காவுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஒரு சிக்கலும் இல்லை. அத்தான் விஷயத்தில்தான் சந்தேகம். வாடகைப் பத்திரத்தில் அக்கா பெயர், கரண்டு பில்லில் அக்கா பெயர், பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் எல்லாம் அக்காவின் கையெழுத்து, அத்தானின் அட்டையிலோ வேறு விலாசம். இவர் இந்தக் குடும்பத்தோடு ஒரே வீட்டில்தான் வாழ்ந்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும், வெவ்வேறு வருஷங்களில் குடும்பத்தோடு சேர்ந்து எடுத்த இருபது படங்களாவது வேண்டும், மூன்று வாரத்துக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தது.

அத்தான் சிரித்துவிட்டார். படம்தானே, நம்ம வீட்டில் இல்லாததா என்று பதினான்கு ஆல்பத்தையும் இறக்கிக் கூடத்தில் பரப்பினார். நாங்கள் நான்கு பெண்களும் உட்கார்ந்து தேட ஆரம்பித்தோம். மூன்று நாள் தேடினோம். கிடைத்தது இவ்வளவுதான்: கடற்கரை மணலில் ஒரு நிழல், பீரோக் கண்ணாடியில் ஒரு முழங்கை, டி.வி. திரையில் மங்கலாக ஒரு கேமராவும் அதற்குக் கீழே இரண்டு கால்களும். பெரியவள் தன் போனில் எடுத்ததில் இரண்டு இருந்தன. இரண்டும் இந்த வருஷத்தவை, இரண்டிலும் அத்தான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, போனை நேராகப் பிடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கம்பக்கத்து வீட்டு விசேஷங்களில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கினோம். அங்கேயும் ஓசிப் போட்டோகிராபர் இவரேதான்.

கடைசி ஆல்பத்தை மூடிவிட்டுச் சின்னவள் கேட்டாள், "அப்பா நிஜமாவே நம்ம வீட்டுலதான் இருந்தாராம்மா?"

பத்து வயதுப் பிள்ளை, வேண்டுமென்று கேட்கவில்லை. அத்தானின் முகம் சுருங்கிப்போய்விட்டது. எத்தனையோ பேரை இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து தூக்கிவிட்ட மனிதர், ஆல்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா எழுந்து ஃப்ரிட்ஜிடம் போய்ப் பட்டியலைக் கையில் எடுத்தாள்.

"இவர் வரலைன்னா நான் போகலை. அவ்வளவுதான்," என்றாள்.

அந்த நிமிஷம் என் நெஞ்சு ஒரு குதி குதித்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அத்தான் இருக்கிற படம் என்னிடம் இருந்தது. இருபது இல்லை, நூற்றுக்கு மேல்.

கதை இதுதான். முதல் வருஷத்திலிருந்தே, அத்தான் எல்லோரையும் சிலையாக நிற்க வைத்துவிட்டு நிலம், வானம், வெளிச்சம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நான் பூனை மாதிரி நழுவி அவருக்குப் பின்னால், பேச்சு காதில் விழாத தூரத்தில், மரம் கதவு என்று கிடைத்த மறைவுக்குப் போய்விடுவேன். என் போனில் அவரைப் படம் எடுப்பேன். முட்டி போட்டிருக்கும் அத்தான், குனிந்து பின்புறத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும் அத்தான், ஒரு காலை ஸ்டூலிலும் ஒரு காலை ஜன்னலிலும் வைத்துத் தொங்கும் அத்தான், கால்சட்டை கிழிந்தது தெரியாமல் தரையில் படுத்திருக்கும் அத்தான். எதிரே அக்காவும் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு 'பின்பக்கப் பார்வை' என்று ஓர் ஆல்பம் போட்டு மானத்தை வாங்குவதாகத் திட்டம். எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு, என் அறை அலமாரியில் வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்களா என்பார்கள். வெண்ணெய் என் கையில், அலைந்தது அவர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அழித்துவிடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நாள் தானாக ஓடிப்போகட்டும் என்று இருந்தேன். அவர்கள் போகாமலிருந்தால் நாளைக் காலையும் டீ உண்டு. அவ்வளவு அல்பமான கணக்கு.

அத்தான் சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் அக்கா டியூட்டிக்குப் போன பிறகு பழைய சட்டைகளையெல்லாம் ஒரு பையில் திணித்து, பெண்களையும் என்னையும் இழுத்துக்கொண்டு முனை ஸ்டுடியோவுக்குப் போனார். சட்டையை மாற்றி மாற்றி நின்றால் வெவ்வேறு வருஷம் மாதிரி இருக்குமாம். பெரியவள் முட்டியை மடக்கி நின்றால் எட்டு வயது மாதிரி இருப்பாளாம். அவளோ அப்பாவையே ஒரு சாண் தாண்டப் போகிறவள், மடங்கி நின்றதில் வயிற்றுவலிக்காரி மாதிரி இருந்தாள். ஸ்டுடியோக்காரர் விளக்கைப் போட்டார். விளக்கு சரியில்லை என்றார் அத்தான். ஸ்டுடியோக்காரர் தள்ளி வைத்தார். இப்போது மூக்கின் நிழல் விழுகிறது என்றார். கேமரா கால் கோணல் என்று ரசமட்டத்தை எடுத்து அதன் மேல் வைத்தார். கொஞ்சம் நகருங்க, நான் காட்டறேன் என்றார். அப்புறம் அரை மணி நேரம் அத்தானே எடுத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன், குரங்காவது ஒன்று வந்தது. இங்கே ஆறு படம் வந்தது, ஆறிலும் அத்தான் இல்லை. ஒன்றில் ஸ்டுடியோக்காரர் இருந்தார்.

அன்று மாலை விஷயம் தெரிந்து அக்கா கொட்டித் தீர்த்தாள். பொய்ப் படம் கொடுத்து மாட்டினால் அவளுடைய வேலையும் போய்விடும், பிள்ளைகளின் பெயரும் கெட்டுவிடும் என்றாள். மறுநாள் அத்தான் போய்ப் பதினாறு வருஷமாக மாற்றாத விலாசத்தை மாற்ற வரிசையில் நின்றார். குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டுகிறார் என்று நான் மனசுக்குள் கேலி செய்துகொண்டேன். ஆனால் சிரிப்பு வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி, வலிக்கிறது, கத்தவும் முடியாது. இப்படி ஒன்பது நாள் போயிற்று. இன்னும் ஒன்பது நாள்தான் மிச்சம்.

பத்தாவது நாள் அக்கா ஒரு வேலை சொன்னாள். போகிறோமோ இல்லையோ, இந்த ஆல்பங்கள் கூடத்தில் கிடந்து காலை இடறுகின்றன, பதினான்கையும் உன் அறையில் வைத்துக்கொள், எடைக்கும் ஒத்துவராது என்றாள். பெரியவளும் நானும் ஆளுக்கு ஏழாகத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினோம். அவள் கட்டிலில் விழுந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள். எனக்குக் கை சும்மா இருக்காதே. கண்ணாடிக் கூட்டைத் திறந்து கார்டை மடிக்கணினியில் போட்டேன். நான் எடுத்த படத்தையும், அதே நிமிஷம் அத்தான் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று ஒரு குறும்பு ஆசை. ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவர் தேதி எழுதியிருப்பார், என்னுடையதிலும் தேதி இருக்கிறது. பொருத்துவது கஷ்டமாக இல்லை.

முதல் ஜோடி, பூங்கா. என் படத்தில் அத்தான் முட்டி போட்டிருக்கிறார், எதிரே அக்கா, கையில் கைக்குழந்தை. அவர் படத்தில் அதே அக்கா, அதே குழந்தை, இடது பக்கம் வெறும் புல்தரை. அடுத்த ஜோடி, படிக்கட்டு. இடது பக்கம் வெறும் படி. அடுத்தது, அடுத்தது. நான் படம் எடுக்காமல் ஒழுங்காக அக்கா பக்கத்தில் நின்ற படங்களும் அதே ஆல்பங்களில் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்தேன். அவற்றில் ஒன்றில்கூடச் சுவர் இல்லை. படம் கன கச்சிதமாக, இரண்டு ஓரமும் சமமாக இருந்தது.

கை நின்றுவிட்டது. உங்க அப்பா ஏன் இப்படிப் பாதிப் படத்துக்குச் சுவரை எடுக்கிறார் என்று பெரியவளைக் கேட்டேன். குரல் கொஞ்சம் பிசகியிருக்க வேண்டும், அவள் போனைக் கீழே வைத்தாள்.

"அது உங்க இடம் சித்தி. 'வாலு எங்கயோ சுத்திட்டு இருக்கு, இப்ப வந்துரும், இடம் விட்டு நில்லுங்க'ம்பார். நாங்களும் நிப்போம், நிப்போம், நீங்க வரவே மாட்டீங்க. கடைசில அவருக்கே கை வலிச்சு எடுத்துருவார். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற எனக்குத் தெரியவில்லை. இருபது நிமிஷம் இருபது நிமிஷமாக அவர் வெளிச்சத்துக்குக் காத்திருந்தார் என்றுதானே நான் இத்தனை வருஷமாகச் சிரித்தேன். எனக்காகக் காத்திருந்திருக்கிறார். நானோ அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவருடைய கிழிந்த கால்சட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் மூக்கு ஒழுகிற்று. பெரியவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். அக்காவும் அத்தானும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, அலுவலகத்துக்கு என்ன எழுதுவது என்று காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். படங்களைத் திறந்து காட்டினேன். ஒன்பது நாளாக ஒளித்து வைத்திருந்தேன் என்பதையும் சொன்னேன். நீங்க போகக் கூடாதுன்னு நினைச்சேன் என்றேன். அக்கா எழுந்து வந்து என் மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே இடத்தைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அத்தான் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். எல்லாம் சாய்ந்திருக்கிறது, ஒன்றாவது நேராக இருக்கிறதா பார், போனைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே போனார். கிழிந்த கால்சட்டைப் படம் வந்ததும் சின்னவள் தரையில் விழுந்து சிரித்தாள். கடைசியில் மடிக்கணினியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒம்பது நாள்தானா ஒளிச்சு வெச்சே?" என்றார். "நானா இருந்தா குடுத்திருக்கவே மாட்டேன்."

அப்புறம் எல்லோரும் பம்பரமாகச் சுழன்றோம். இருபத்திரண்டு ஜோடி தேறியது, என் படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டினோம். பாதிப் படத்தில் அத்தானின் முகம் கேமராவுக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஆனால் பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்தால் அக்காவின் அதே புடவை, சின்னவளின் கையில் அதே பாதி தின்ற பிஸ்கட். மூன்றில் அவர் யாரோ வருகிற சத்தம் கேட்டு என் பக்கம் திரும்பியிருக்கிறார், மறைவில் இருந்த என்னைக் கவனிக்கவில்லை, அவற்றில் முகம் முழுசாக, கோபமாக, வாய் 'அசை' என்பதில் நிற்கிறது. அக்கா ஒவ்வொன்றுக்கும் கீழே தேதியும் இடமும் எழுதினாள். அத்தான் என் படங்களை ஓரம் வெட்டி நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டார். ஒன்றையும் தொடக் கூடாது என்று அக்கா கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டாள்.

அலுவலகத்தில் இருந்த அம்மாள் முதல் ஐந்து ஜோடியைச் சிரிக்காமல் பார்த்தாராம். ஆறாவதில் ஸ்டூலும் ஜன்னலுமாகத் தொங்கும் அத்தானைக் கண்டதும் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாராம். கால்சட்டைப் படம் மூன்று மேஜை சுற்றிவந்ததாம். இந்தப் படங்களை எடுத்தது யார் என்று கேட்டாராம், என் தங்கை என்றாளாம் அக்கா, அவர் உங்களோடு வருகிறாரா என்று கேட்டாராம். அக்கா என்ன பதில் சொன்னாள் என்று அத்தான் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாளில் அனுமதி வந்தது.

கிளம்புகிற அன்று வாசலில் பெட்டிகளை அடுக்கிவிட்டு அத்தான் கேமராவை எடுத்தார். நான் நழுவவில்லை. அக்காவுக்கு இடது பக்கம் போய் நின்றேன், அசையவே இல்லை. ஒரே நிமிஷத்தில் எடுத்துவிட்டார். வாடகைக் கார் டிரைவர், நான் எடுக்கட்டுமா, நீங்களும் போய் நில்லுங்கள் என்று கேட்டார். வேண்டாம், உங்களுக்குக் கை நடுங்கும் என்றார் அத்தான்.

அவர்கள் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. இப்போதெல்லாம் காலையில் டீயை நானே போட்டுக்கொள்கிறேன், நன்றாக வருவதில்லை. குடித்துக்கொண்டே போனைத் திறந்தால் இரண்டு படங்கள், வேறு வேறு ஆள் அனுப்பியது. முதலாவது சின்னவள் அனுப்பியிருந்தாள். ஒரு செங்கல் கட்டடத்தின் முன்னால் அத்தான் நடைபாதையில் குப்புறப் படுத்திருக்கிறார், புதுக் கோட்டு முதுகில் ஏறிக் கிடக்கிறது, நாயைப் பிடித்துக்கொண்டு போகும் யாரோ ஒருவர் சுற்றிக்கொண்டு போகிறார். படம் நன்றாகச் சாய்ந்திருந்தது. என் சிஷ்யை என்று பெருமையாக இருந்தது.

இரண்டாவது அத்தான் அனுப்பியது. அதே செங்கல் கட்டடம். பெரியவளும் அக்காவும் ஓர் ஓரத்தில் ஒதுங்கி, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அக்காவுக்கு இடது பக்கம் வெறும் சுவர். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகவே சுவர். பெரிதாக்கிப் பார்த்து, விரலை வைத்து அளந்தேன். இரண்டு ஆள் நிற்கலாம். ஓர் இடம் சின்னவளுக்கு.